பாத்ரூமில் விழுந்த அப்பாவை இனி வெளியே விடலாமா?

காவிரிக்கரையான்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 76, அம்மாவுக்கு 70. கும்பகோணத்தில் சொந்த வீட்டில் இருவர் மட்டும் இருக்கிறார்கள். அப்பா சும்மா உட்காருகிற ஆள் இல்லை. விடியும்முன் மகாமகக் குளத்தைச் சுற்றி நடப்பார். அப்புறம் சைக்கிளை எடுத்துக்கொண்டு மார்க்கெட், ரேஷன், பேங்க் எல்லாம் அவரேதான்.

போன மாதம் ராத்திரி இரண்டு மணி வாக்கில் பாத்ரூம் போனவர் உள்ளேயே விழுந்துவிட்டார். நல்லவேளை தாழ்ப்பாள் போடவில்லை. ஆனால் அது உள்பக்கம் திறக்கிற கதவு. அவர் குறுக்கே கிடந்ததால் அம்மாவால் ஒரு சாணுக்கு மேல் தள்ள முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் பின்பக்கமாகப் போய் வென்டிலேட்டர் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உருவிவிட்டு உள்ளே இறங்கித் தூக்கினான். புருவத்தில் தையல் போட்டார்கள். இடுப்பு எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் இல்லை.

இப்போது பிரச்சினை அண்ணனால். சென்னையிலிருந்து வந்தவர் சைக்கிள் கூடாது, வாக்கிங் கூடாது, வீட்டோடு இருக்கணும் என்று சொல்லிவிட்டு சைக்கிள் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அப்பா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் பெங்களூரில் இருக்கிறேன். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் ரொம்ப வருஷமாக ஓடுகின்றன. புராஸ்டேட்டுக்கு ஒன்று சமீபத்தில் சேர்த்திருக்கிறார்கள். அண்ணன் சொல்வதைக் கேட்பதா, அப்பாவை அவர் போக்கில் விடுவதா?

கோவை மங்கை:
அதையெல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் இதைச் சொல்லுங்கள். புருவத்தில் தையல் என்றால் தலையில் அடிபட்டிருக்கிறது. தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்களா? ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா?

காவிரிக்கரையான்:
ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் அக்கா. சி.டி. எடுக்கவில்லை. இடுப்பு எக்ஸ்ரே மட்டும்தான். நன்றாகத்தான் பேசுகிறார், சாப்பிடுகிறார்.

கோவை மங்கை:
நன்றாக இருக்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கும். மூளைக்கும் மேல்சவ்வுக்கும் நடுவே போகிற சின்ன ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். அடிபடும்போது அதில் ஒன்று கிழிந்தால் ரத்தம் மெல்ல மெல்லக் கசியும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்துத் தலைவலி, பகலில் தூக்கம், நடை தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் என்று வரும். வீட்டில் எல்லோரும் ‘வயசாயிடுச்சு’ என்று நினைத்துக்கொள்வார்கள். ஆஸ்பிரின் வேறு இருக்கிறது. நாளைக்கே ஒரு மருத்துவரிடம் கூட்டிப் போய் சி.டி. தேவையா என்று நேரடியாகக் கேளுங்கள்.

மதுரை பிசியோ:
அக்கா சொன்னதுதான் முதல் வேலை. அது முடிந்ததும் இதைப் பாருங்கள்.

ராத்திரி இரண்டு மணி, படுக்கையிலிருந்து எழுந்தவுடன், புதிதாகச் சேர்ந்த புராஸ்டேட் மாத்திரை. இந்த மூன்றும் சேர்ந்தால் எனக்கு முதல் சந்தேகம் தரை மேல் இல்லை, பிரஷர் மேல். டாம்சுலோசின் வகை மாத்திரைகள் சிறுநீர்ப் பையின் கழுத்துத் தசையைத் தளர்த்துகின்றன. ரத்தக்குழாய்களையும் கொஞ்சம் தளர்த்திவிடும். ஏற்கெனவே பிரஷர் மாத்திரை ஓடுகிறது. படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கி, தலைக்குப் போவது ஒரு கணம் குறையும். வழுக்கி விழுந்தேன் என்று சொல்கிறவர்களில் பலர் தலைசுற்றித்தான் விழுந்திருக்கிறார்கள். அப்பாவிடம் நீங்களே கேட்டுப் பாருங்கள்: காலா வழுக்கியது, கண்ணா இருட்டியது?

வீட்டில் பிரஷர் மிஷின் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு அளவு. எழுந்து நிற்க வைத்து ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று. பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, கீழ் எண் 10 இறங்கினாலோ அந்தச் சீட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். நம் ஊரில் பிரஷரை நாற்காலியில் உட்கார வைத்து ஒரே தடவை பார்த்து அனுப்பிவிடுவதால் இந்த இறக்கம் யார் கண்ணிலும் படுவதில்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். எதைக் குறைப்பது, எந்த வேளைக்கு மாற்றுவது என்பதெல்லாம் அவர் வேலை. தூக்க மாத்திரை, சளி மாத்திரை ஏதாவது மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிறாரா என்றும் பாருங்கள். இரண்டுமே விழ வைக்கும்.

அதுவரை ராத்திரி எழுந்தால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலை நாலு தடவை ஆட்டி, ஒரு நிமிடம் கழித்து எழட்டும்.

வாக்கிங் விஷயத்தில் அண்ணன் சொல்வது தப்பு. அவர் விழுந்தது பாத்ரூமில், குளத்தங்கரையில் இல்லை. நடக்கிற மனிதரை உட்கார வைத்தால் தொடைச் சதை சில வாரங்களிலேயே கரைய ஆரம்பிக்கும். அடுத்த தடவை கால் தடுக்கும்போது உடம்பைத் தாங்கிப் பிடிக்கிற சதை அதுதான்.

நெல்லைச்சீமை:
எல்லோரும் அண்ணனை வில்லன் ஆக்குகிறீர்கள். அந்தப் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள்.

எங்கள் அம்மாவுக்கு 81. ‘நடக்கட்டும், நல்லது’ என்றுதான் நாங்களும் விட்டோம். தெருமுனையில் ஒரு நாய் குறுக்கே வந்தது, விழுந்தார், இடுப்பு எலும்பு போனது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இன்றைக்கு ஆபரேஷன், நாளைக்கு ஆபரேஷன் என்று இழுத்து அஞ்சாவது நாள்தான் செய்தார்கள். அதற்குள் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. இப்போது வாக்கர் இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. என் மனைவிதான் எல்லாம் பார்க்கிறாள். வேலையை விட்டுவிட்டாள். ‘சுதந்திரமாக விடுங்கள்’ என்று எழுதுகிறவர்கள் யாரும் பெட்பேன் எடுத்திருக்க மாட்டார்கள். அண்ணனுக்கு அந்தப் பயம் இருக்கிறது, அவ்வளவுதான்.

கோவை மங்கை:
தம்பி, நீங்கள் பட்டதை யாரும் மறுக்கவில்லை. உங்கள் மனைவி படுவதையும்தான். ஆனால் உங்கள் அம்மாவை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததில் நாய்க்கு எவ்வளவு பங்கோ, அந்தத் தாமதத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு. இடுப்பு முறிவுக்கு வேறு தடையில்லை என்றால் 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் முடிந்து, மறுநாளே எழுப்பி நிற்க வைக்கப் பார்க்க வேண்டும். படுக்கையில் கிடக்கிற ஒவ்வொரு நாளும் நுரையீரலுக்கும் முதுகுத் தோலுக்கும் கேடு. இதைப் படிக்கிற மற்றவர்கள் சேர்க்கும்போதே ‘என்றைக்கு ஆபரேஷன், ஏன் இன்றைக்கு இல்லை’ என்று கேளுங்கள். கேட்கிற வீட்டாருக்குக் காரியம் கொஞ்சம் சீக்கிரம் நடக்கும். அனுபவத்தில் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
இந்த இழையில் பேசப்படுகிற வயதில் இருக்கிற ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது. எனக்கு 78.

காவிரிக்கரையான் தம்பி, அப்பா என்ன சொல்கிறார் என்று உன் பதிவில் ஒரு வரிகூட இல்லையே. அண்ணன் என்ன சொன்னான், நீ என்ன நினைக்கிறாய், அம்மா என்ன பட்டாள், எல்லாம் இருக்கிறது.

நான் விழுந்திருக்கிறேன். மாடிப்படியில், கையில் காயப்போட்ட துணிக் கூடையோடு. விழுந்த வலி கொஞ்ச நாளில் போய்விட்டது. அதற்கப்புறம் வந்த பயம்தான் பெரிய தொல்லை. படியைக் கண்டாலே கால் கூசும். தரையையே பார்த்துக்கொண்டு, காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடப்பேன். அப்படி நடக்கிறவன்தான் நிலைப்படியில் தடுக்கி விழுவான். அந்த நேரத்தில் வீட்டில் எல்லோரும் ‘பார்த்து, பார்த்து’ என்று கத்தினால் இன்னும் மோசம். கூப்பிட்ட பக்கம் திரும்பிப் பார்க்கும்போதே தடுமாறும்.

எனக்கு உதவியது ஒரு பயிற்சி. விழுந்தால் எழுவது எப்படி என்று பிசியோதெரபி படித்த ஒரு பெண் சொல்லிக் கொடுத்தாள். பாய் விரித்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போது பழக வேண்டும். உடனே எழப் பார்க்கக் கூடாது. மூச்சு வாங்கிக்கொண்டு, எங்காவது உயிர் போகிற வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அசையாமல் ஆளைக் கூப்பிடுவது. இல்லையென்றால் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, நாலு காலில் வந்து, பக்கத்தில் இருக்கிற நாற்காலி அல்லது கட்டில் வரை தவழ வேண்டும். இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, பலமான காலை முன்னால் ஊன்றி, எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். முதல் நாள் என் மனைவி சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. ஆனால் அதற்கப்புறம் படியில் கால் கூசவில்லை.

இன்னொன்று. தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதை நான் விடவில்லை. டைனிங் டேபிள் வந்த பிறகு நம் ஆட்கள் தரைக்கு இறங்குவதையே மறந்துவிட்டார்கள். மூட்டு தாங்குகிற வரை ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது தரையில் உட்கார்ந்து எழ வேண்டும் என்பது என் கட்சி.

கொத்துக்கரண்டி:
நான் கட்டட வேலை எடுத்துச் செய்பவன், தஞ்சாவூர் பக்கம். மாத்திரை பற்றி எனக்குத் தெரியாது, பாத்ரூம் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் கதவு. வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றுங்கள். உங்கள் வீட்டில் நடந்த கூத்துக்கு அது ஒன்றுதான் மருந்து. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து காசை வைத்துத் திருகித் திறக்கிற வகையாக இருக்கட்டும்.

அடுத்து கைப்பிடிக் கம்பி. துண்டு போடுகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? அது துண்டின் எடைக்குச் செய்தது, ஆள் தொங்கினால் டைல்ஸோடு கையில் வந்துவிடும். உறிஞ்சி ஒட்டுகிற ரப்பர் கைப்பிடி ஆன்லைனில் வருகிறது, அதுவும் வேண்டாம். ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலக் கனமுள்ள ஸ்டீல் கம்பி வாங்கி, டைல்ஸைத் தாண்டிச் செங்கல் வரை துளை போட்டு முடுக்க வேண்டும். புதுக் கட்டடத்தில் சுவர் லேசான பிளாக்காக இருந்தால் அதற்கென்று தனி ஆங்கர் உண்டு, துளைக்குள் செருகுகிற சாதாரண பிளாஸ்டிக் ரால் பிளக் பிடிக்காது. உயரம் எவ்வளவு என்று யாரும் இன்டர்நெட்டில் பார்க்காதீர்கள். அப்பாவையே டாய்லெட்டில் உட்காரச் சொல்லி, எழும்போது கை எங்கே போகிறது என்று பார்த்து அந்த இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். ஆளுக்கு ஆள் மாறும்.

குளிக்கிற முறையையும் பாருங்கள். சோப்பு நுரை கண்ணில், கண்ணை மூடிக்கொண்டு குனிந்து வாளியில் மொண்டு ஊற்றுவது, அதுவும் ஒற்றைக்கால் கழுவ ஒற்றைக்காலில் நிற்பது, இதெல்லாம் இளவட்டத்துக்கே சர்க்கஸ்தான். வாளியை ஒரு மேடைமேல் தூக்கி வையுங்கள், உட்கார்ந்து குளிக்கட்டும். பிளாஸ்டிக் ஸ்டூல் ஆகாது, ஈரத்தில் நகர்ந்துவிடும். காலில் ரப்பர் மாட்டிய கனமான ஸ்டூல் வேண்டும். எண்ணெய்க் குளியல் அன்று குளித்து முடித்ததும் தரையைத் தேய்த்துக் கழுவாமல் அடுத்தவர் உள்ளே போகக் கூடாது. பின்கட்டுப் பாசிக்கு மாதம் ஒரு தடவை பிளீச்சிங் பவுடர்.

கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ஆள் நடந்தால் தானே எரிகிற சின்ன விளக்குகள் போடுங்கள். மின்சாரச் செலவு ஒன்றுமே இல்லை.

தேக்கா ராஜி:
சிங்கப்பூரில் என் மாமனார் மாமியார் இருக்கும் வீவக வீட்டில் (அரசாங்க அடுக்குமாடி வீடு) கொத்துக்கரண்டி அண்ணன் சொன்ன வேலையில் பாதியை அரசாங்கமே பெரும் மானியத்தில் செய்து கொடுத்துவிட்டது. ‘ஈஸ்’ என்று ஒரு திட்டம், 2012 முதல் இருக்கிறது. பாத்ரூம் டைல்ஸை மாற்றாமலேயே அதன்மேல் வழுக்காத மாதிரி ஒரு பூச்சு வேலை செய்கிறார்கள். கைப்பிடிக் கம்பி, வாசலில் சின்னச் சாய்தளம் எல்லாம் உண்டு. மாமியார் முதலில் ‘ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு’ என்று முகத்தைச் சுளித்தார். இப்போது அந்தக் கம்பியைப் பிடிக்காமல் எழுவதே இல்லை. மாமனார் மட்டும் அதில் துண்டு காயப் போடுகிறார்!

பாட்டி வைத்தியம்:
இவ்வளவு பேசுகிறீர்கள், முடக்கத்தான் தோசையை யாரும் சொல்லவில்லையே? வாரம் இரண்டு தடவை சாப்பிட்டால் மூட்டு, நரம்பு எல்லாம் ஸ்பிரிங் மாதிரி இருக்கும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தோசை நன்றாகத்தான் இருக்கும் அம்மா. கூட ஒரு கிண்ணம் சுண்டலும் கொடுங்கள்.

மதுரை பிசியோ:
வாத்தியார் ஐயா விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். வயதானவர்கள் தட்டில் புரதம் ரொம்பக் குறைவு. 65 தாண்டியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமிலிருந்து 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள். 60 கிலோ மனிதருக்கு 60 முதல் 72 கிராம். காலையில் மூன்று இட்லி, ராத்திரி மூன்று இட்லி என்று முடித்தால் ஒரு வேளைக்கு ஆறேழு கிராம் வந்தாலே அதிகம். ஒரு முட்டை ஆறு கிராம், ஒரு டம்ளர் பால் ஆறு கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் பத்துக்கு மேல். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள். பல் சரியில்லாததால் சுண்டலை ஒதுக்குகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு அடை, பாசிப்பருப்புக் கஞ்சி.

புரதம் மட்டும் போதாது, சதைக்கு வேலையும் வேண்டும். வாக்கிங் இதயத்துக்கு நல்லது, ஆனால் விழாமல் இருக்க அது மட்டும் பத்தாது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியில் 65 தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சி வேண்டும் என்று தனியாகவே சொல்லியிருக்கிறார்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு வீட்டுப் பயிற்சி முறை உருவாக்கி, வயதானவர்கள் விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைவதைக் காட்டினார்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கணுக்காலில் மணல் பை கட்டிக் காலை நீட்டுவது, சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது, பக்கவாட்டில் நடப்பது, ஒரு காலுக்கு நேர் முன்னால் இன்னொரு காலை வைத்து நிற்பது.

வீட்டில் பார்க்க ஒரு சோதனை: கை இல்லாத நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கைகளை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். 75 முதல் 79 வயது ஆணுக்கு 11-க்குக் கீழே என்றால் காலில் பலம் குறைவு. அம்மாவுக்கும் செய்யுங்கள். 70 முதல் 74 வயதுப் பெண்ணுக்கு 10.

காவிரிக்கரையான்:
இந்த வார இறுதியில் ஊருக்குப் போய் வந்தேன். சி.டி. எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை. மங்கை அக்காவுக்கு நன்றி.

அப்பாவிடம் கேட்டேன். வழுக்கவில்லையாம், ‘கண்ணைக் கட்டின மாதிரி இருந்தது’ என்றார். இதை இதுவரை ஏன் சொல்லவில்லை என்றால், ‘நீங்க யாரும் கேக்கலையே’ என்கிறார். படுத்திருக்கும்போது பிரஷர் 142/80, நின்ற மூன்றாவது நிமிடத்தில் 116/68. மருத்துவர் பார்த்துவிட்டு பிரஷர் மாத்திரையின் அளவைக் குறைத்து, அதையும் புராஸ்டேட் மாத்திரையையும் ஒரே வேளையில் போடாதபடி மாற்றிக் கொடுத்தார். மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

நாற்காலிச் சோதனையில் அப்பா 12. அம்மாவுக்கு ஆறு! இத்தனை நாள் அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அம்மா வாசலில் குனிந்து கோலம் போடுவதை மூட்டுவலி என்று விட்டுப் பல மாதமாகிறதாம். இதுவும் எங்களுக்குத் தெரியாது.

கோவை மங்கை:
ஆறு என்பது குறைவு. அம்மாவுக்கு உடனே பயிற்சி ஆரம்பியுங்கள். வீட்டுக்கு வருகிற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழ்நாடு அரசுத் திட்டப் பணியாளர்களிடம் கேளுங்கள். 2021-ல் ஆரம்பித்த அந்தத் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை மட்டுமில்லாமல் வீட்டுக்கு வந்து செய்யும் பிசியோதெரபியும் உண்டு. சென்னைக்குப் போகிற வேலை இருந்தால் கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. முதியோர் மருத்துவம் என்று தனித்துறையை நாட்டிலேயே முதலில் ஆரம்பித்ததும் நம் சென்னை மருத்துவக் கல்லூரிதான், 1978-ல். ஆறு டாக்டர் எழுதிய ஆறு சீட்டையும் ஒருவர் மொத்தமாகப் பார்ப்பது இந்த மாதிரி இடத்தில்தான் நடக்கும். உதவி எண் 14567-ஐ அம்மா போனில் பதிந்து வையுங்கள். முதியோருக்கானது, காசு கிடையாது. அவசரம் என்றால் வழக்கம்போல 108.

நெல்லைச்சீமை:
சரி, பாத்ரூம், மாத்திரை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். சைக்கிள்? கும்பகோணம் டிராஃபிக்கில் 76 வயதில்?

மதுரை பிசியோ:
அதில் நான் உங்கள் பக்கம்தான், இப்போதைக்கு. பிரஷர் நிலைக்கு வந்து, எதையும் பிடிக்காமல் ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்க முடிகிறதா என்று பார்த்த பிறகு பேசலாம். வாக்கிங்கை மட்டும் இன்றைக்கே ஆரம்பிக்கலாம், ஆனால் விடிந்த பிறகு. பாட்டா செருப்பு தேய்ந்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் பின்பக்கம் பட்டை உள்ளதாக வாங்குங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நான் பார் வைத்த சைக்கிளை விற்றுவிட்டு லேடீஸ் சைக்கிள் வாங்கினேன். காலைத் தூக்கிப் போட வேண்டாம், சீட்டை இறக்கினால் இரண்டு பாதமும் தரையில் பதியும். தெருப் பையன்கள் சிரித்தார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். மெயின் ரோட்டுக்குப் போவதில்லை, பத்து மணிக்கு மேல் எடுப்பதில்லை. தம்பி, சைக்கிள் எப்போது என்பதை நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள். ஆனால் அந்தச் சாவியை அண்ணனே வந்து அப்பா கையில் கொடுக்கட்டும். இது என் வேண்டுகோள்.

காவிரிக்கரையான்:
அண்ணனுக்கு இந்த இழையை அனுப்பியிருக்கிறேன் ஐயா. படித்துவிட்டார் என்று தெரிகிறது. பதில் இன்னும் இல்லை.

கொத்துக்கரண்டி அண்ணே, பாத்ரூம் கதவு நிலை பி.வி.சி.தான். கதவை வெளிப்பக்கம் திறக்க வைத்தால் அதில் வழிகிற தண்ணீர் ஹாலில் சொட்டும் என்று அம்மா ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

கொத்துக்கரண்டி:
அம்மா சொல்வது சரிதான், சொட்டும். ஹால் மொசைக்கில் அந்தத் தண்ணீரே இன்னொரு ஆளை வழுக்கிவிடும். இடம் இருந்தால் தள்ளு கதவு போடுங்கள், தண்டவாளம் மேலே மட்டும் இருக்கிற வகை. கீழே தண்டவாளம் வேண்டாம், கால் தடுக்கும். இடம் இல்லையென்றால் நிலையைக் கழற்றித் திருப்பி வைத்து வெளிப்பக்கம் திறக்க விட்டு, வாசலில் அடியில் ரப்பர் உள்ள மிதியடி போடுங்கள். பழைய புடவையை மடித்துப் போடுகிற பழக்கம் இருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். அளவு எடுத்து போட்டோ அனுப்பினால் எது ஆகும் என்று சொல்கிறேன்.